குழலின் அடிப்பக்கம்

தோர்வால்ட் நெஸ் அதைப் போர்வையில் சுற்றி
பனியில் கிடந்த கன்றைத் தூக்கிவருவதுபோல்
இரு கையிலும் ஏந்தி வந்தார்.
சஸ்காட்செவனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
கடைக்குள் நுழைந்ததும் இரும்புக்கு வேர்த்தது.
தொடாதீர்கள், கொஞ்சம் ஆறட்டும் என்றேன்.
ஆறட்டும் என்பதா, சூடேறட்டும் என்பதா,
இந்த ஊரில் எனக்கு இன்னும் குழப்பம்.

"லண்டன் துப்பாக்கி.
லிவர்பூல் துறைமுகத்தில் ஒரு பிரபு
கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தது,
கடலில் விழுந்த பிள்ளையைத் தூக்கியதற்காக."
போன வாரம் அவர் தங்கை போனில் சொன்ன கதையில்
விழுந்தது ஒரு நாய்.
நான் வாய் திறக்கவில்லை.
பண்ணையைப் பங்கு பிரிக்கிறார்கள்.
லண்டன் என்றால் துப்பாக்கி இவருக்கு, டிராக்டர் அவளுக்கு.
என் கையெழுத்துக்காக இரண்டு வக்கீல்கள் காத்திருக்கிறார்கள்.

இரண்டு குதிரைகளும் காதைப் பின்னே மடக்கிப் படுத்திருந்தன.
வலது குதிரைக்கு மூக்கு தேய்ந்துபோயிருந்தது,
இடது அப்படியே இருந்தது.
இவர்கள் வீட்டில் முதல் குண்டே போதுமாய் இருந்திருக்கிறது,
இல்லையென்றால் இரண்டாவதற்குள் வாத்து போய்விட்டிருக்கிறது.

பூட்டுத் தகட்டில் லண்டன் கடை ஒன்றின் பெயர்.
பெரிய பெயர்தான். ஒரே ஒரு எழுத்து குறைகிறது.
கொத்தியவன் கை தவறவில்லை.
வழக்கு வந்தால் குதித்து ஓட
அவன் திறந்துவைத்த ஜன்னல் அது.

குழல்களைக் கழற்றிக் கவிழ்த்தேன்.
பெயரை மேலே எழுதுவார்கள்,
பிறந்த ஊரை அடியில்.
நீள்வட்டத்துக்குள் மூன்று எழுத்து, மேலே மகுடம் இல்லை.
படிக்கட்டின்மீது ஒரு தூண்.
தனியாக ஓர் எழுத்து, அதன் தலையில் நட்சத்திரம்.

லியேஜ் என்றேன். பெல்ஜியம்.
நட்சத்திரம் இருப்பதால் ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தேழுக்குப் பின்,
மகுடம் இல்லாததால் தொண்ணூற்று மூன்றுக்கு முன்.
வெந்நீரில் சர்க்கரை கரையும்போது ஓடுமே ஒரு கோடு,
குழல் நெடுக அந்தச் சுருள்.
நல்ல வேலை. விலைதான் இல்லை.
நூற்றெண்பது டாலர். சுவரில் மாட்டலாம், சுட வேண்டாம்.

அவருக்கு இது லாபம். டிராக்டரிலும் பாதி கிடைக்கும்.
ஆனால் முகத்தைப் பார்த்தால்
யாரோ செத்த தந்தி வந்ததுபோல் இருந்தது.
"லண்டன் என்றே எழுது.
தங்கைக்குச் சேரவேண்டியதை நான் கொடுத்துக்கொள்கிறேன்."

முடியாது என்றேன்.

"அப்படியானால் யார் செய்தது?"

குழல் ஒருவன், பூட்டு ஒருவன்,
கட்டை ஒருவன், கொத்துவேலை இன்னொருவன்,
அவனவன் வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில்.
ஒருத்தி கூடையில் சுமந்து
வாசல் வாசலாக இறக்கி ஏற்றியிருப்பாள்.
சொல்லச் சொல்ல அவர் தலையை ஆட்டினார்.
நான்கு பேரும் ஒரு கூடைக்காரியும்
அவர் கேட்ட பதில் இல்லை.

சும்மா நிற்பானேன் என்று
கட்டையின் அடித்தகட்டுத் திருகு இரண்டையும் கழற்றினேன்.
உள்ளே, வெளிச்சமே படாத மரத்தில், பென்சில்.
ஏழு. எட்டு. நான்கு.
கீழே ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இருபது.

இருவரும் குனிந்து பார்த்தோம்.
வரவேண்டிய கூலி என்றால் ஆள் கெட்டிக்காரன்,
கொடுக்கவேண்டிய கடன் என்றால் பாவம்.
தோர்வால்ட் ஒன்றும் பேசவில்லை.
மூடிவிடு என்று கையால் காட்டினார்.

தயாரித்தவர் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
அவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், படிக்கவில்லை.

வெளியே வண்டி இருமியது, கிளம்பவில்லை.
பேட்டரி கேபிள் கேட்டுத் திரும்பி வந்தவர்
கதவைச் சாத்தாமல், குளிரை உள்ளே விட்டபடி,
கையுறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி
"ஏழும் எட்டும் நாலும்தானே?" என்றார்.